பழைய கூட்டுக்குத் திரும்பும் ரிசீவர்: சார்ஜர்ஸில் கீனன் ஆலனுக்கு இன்னொரு நல்ல சீசன் மிச்சம் இருக்கிறதா?

கடலோரன்
6 ஆகஸ்ட் 2025

செய்தி வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில், குவார்ட்டர்பேக் வீசும் பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவரான கீனன் ஆலன் மறுபடியும் சார்ஜர்ஸ் அணியில் சேர்ந்திருக்கிறார். ஓராண்டு ஒப்பந்தம். போனஸ் எல்லாம் சேர்ந்தால் 85 லட்சம் டாலர் வரை போகும் என்கிறார்கள். அதே 13ஆம் எண் ஜெர்சி.

நான் சான் டியேகோவில் வேலை பார்த்த காலத்தில்தான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். 2013 ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில், மூன்றாம் சுற்றில், 76ஆவது ஆளாக ஆலனை எடுத்தார்கள். முதல் வருடமே 71 கேட்ச், 1,046 யார்டு, 8 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). 2017இல் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபோது எங்கள் ஊரில் எத்தனையோ பேர் சார்ஜர்ஸைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நான் விடாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் ஆலன். 2024 மார்ச்சில் அவரை நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்காக (ட்ராஃப்டில் ஓர் ஆளை எடுக்கும் உரிமைக்காக) சிகாகோவுக்கு அனுப்பியபோது வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தேன்.

இப்போது அவருக்கு 33 வயது. போன வருடம் சிகாகோ பேர்ஸ் அணியில் 15 ஆட்டத்தில் 70 கேட்ச், 744 யார்டு, 7 டச்டவுன். அதற்கு முந்தைய வருடம் சார்ஜர்ஸில் 13 ஆட்டத்திலேயே 108 கேட்ச், 1,243 யார்டு. சரிவு கண்ணுக்குத் தெரிகிறது. பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். பழைய அணிக்குத் திரும்பி வந்து ஒரு ரிசீவர் தன் ஆட்டத்தை மீட்டெடுக்க முடியுமா? நடந்திருக்கிறதா?

---

வைக்கிங்தாசன்
6 ஆகஸ்ட் 2025

நடக்காது நண்பரே. நான் பட்டவன், அதனால் சொல்கிறேன்.

2010 அக்டோபர் 6. ரிசீவர் ராண்டி மாஸ் தன் பழைய அணியான மினசோட்டா வைக்கிங்ஸுக்குத் திரும்பி வருகிறார் என்ற செய்தி வந்த நாள். 1998இல் புது ஆளாக வந்து 17 டச்டவுன் அடித்த மனிதர். 2007இல் நியூ இங்கிலாந்தில் 23 அடித்து உலகத்தையே வாய் பிளக்க வைத்தவர். அவரைக் கொண்டுவர மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தோம். அன்றைக்கு அவருக்கும் இதே 33 வயதுதான். நான் பழைய 84ஆம் எண் ஜெர்சியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டேன்.

நான்கே ஆட்டம். 13 கேட்ச், 174 யார்டு, 2 டச்டவுன். நான்காவது ஆட்டம் நியூ இங்கிலாந்திலேயே நடந்தது. தோற்ற பிறகு நிருபர்கள் முன்னால் நின்று, தான் விட்டுவந்த அணியைப் புகழ்ந்து பேசினார். ஒரு மாதம் முடிவதற்குள் அவரை விடுவித்துவிட்டார்கள்.

ரசிகர்கள் கூப்பிடுவது பழைய ஆளை. வந்து சேருவது இன்றைய ஆள். அந்த இடைவெளியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

---

மூன்றாம்டவுன்
7 ஆகஸ்ட் 2025

வைக்கிங்தாசன் அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன கதைக்கு மறுபாதி ஒன்று உண்டு. அதே வாரம், அதே நியூ இங்கிலாந்து அணியில் நடந்தது. அதைச் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

மாஸை அனுப்பிய கையோடு, ஒரு வாரத்துக்குள், அவர்கள் டீயான் பிராஞ்சைத் திரும்ப அழைத்தார்கள். 2005 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் 11 கேட்ச் பிடித்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். 2006இல் அவரைச் சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டு முதல் சுற்றுத் தேர்வை வாங்கினார்கள். அங்கே அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை, காயங்கள் வேறு. நான்கு வருடம் கழித்து நான்காம் சுற்றுத் தேர்வுக்குத் திரும்பி வந்தார். வந்த முதல் ஆட்டம் பால்டிமோருக்கு எதிராக: 9 கேட்ச், 98 யார்டு, ஒரு டச்டவுன். அந்த சீசனில் நியூ இங்கிலாந்துக்காக ஆடிய 11 ஆட்டத்தில் 48 கேட்ச், 706 யார்டு, 5 டச்டவுன்.

ஒரே வாரத்தில் இரண்டு பேர் தங்கள் பழைய அணிக்குப் போனார்கள். ஒருவர் ஒரு மாதம் தாங்கவில்லை. இன்னொருவர் ஏதோ நேற்றுத்தான் கிளம்பிப் போனவர் மாதிரி ஆடினார். ஏன்?

மாஸ் திரும்பிய மினசோட்டாவில் அவருக்குத் தெரிந்தது ஜெர்சியின் நிறம் மட்டும்தான். பயிற்சியாளர் பிராட் சில்ட்ரஸ் புது ஆள். பந்து வீசிய பிரெட் ஃபாவ்ரோடு மாஸ் அதற்கு முன் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பிராஞ்சுக்கு அப்படி இல்லை. பந்து வீசியவர் டாம் பிரேடி. பயிற்சியாளர் பெலிச்சிக். பிராஞ்ச் எந்த இடத்தில் திரும்புவார் என்று பிரேடிக்குத் தெரியும், பந்து எந்த நொடியில் கையை விட்டுக் கிளம்பும் என்று பிராஞ்சுக்குத் தெரியும். இது ஒரு காரணம்.

இன்னொன்று, ஆட்டத்தின் வகை. மாஸ் வேகத்தாலும் உயரத்தாலும் வாழ்ந்தவர். பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் நேராக ஓடி, தலைக்கு மேல் வரும் பந்தைப் பறிப்பார். 33 வயதில் அரை அடி பிந்தினாலும் அந்தக் கலை குலைந்துவிடும். பிராஞ்ச் நுணுக்கத்தால் பிழைத்தவர்.

ஆலன் எந்த வகை? ட்ராஃப்டுக்கு முன்னால் 40 யார்டு ஓட்டத்தில் அவருக்கு ஆன நேரம் 4.7 வினாடிக்குச் சற்று மேல். முட்டிக் காயத்தோடு ஓடியது என்றாலும், ரிசீவருக்கு அது மெதுவான நேரம். அவர் மூன்றாம் சுற்று வரை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அதாவது இழப்பதற்கு அவரிடம் வேகம் என்று ஒன்று ஆரம்பத்திலிருந்தே இல்லை. அவர் சொத்து வேறு. கோட்டில் எதிரே நிற்பவரின் இடுப்பைப் பார்ப்பார், ஒரு தோளை அசைப்பார், அந்த ஆள் எடையை ஒரு காலுக்கு மாற்றிய கணத்தில் மறுபக்கம் போய்விடுவார். ஆறு முறை புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானது இந்த வித்தையால்தான்.

---

புதியவன்
7 ஆகஸ்ட் 2025

நான் போன வருடத்திலிருந்துதான் பார்க்கிறேன். ஒரு சின்ன சந்தேகம். ரிசீவர் ஓடவேண்டிய பாதையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து விடுவார்கள்தானே? அப்புறம் பந்து வீசுபவரோடு பழக்கம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

---

மூன்றாம்டவுன்
7 ஆகஸ்ட் 2025

நல்ல கேள்வி தம்பி. எல்லாப் பாதையும் முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டது இல்லை. ஆப்ஷன் ரூட் என்று ஒன்று உண்டு. ஆலன் பெயர் எடுத்ததே அதில்தான்.

மூன்றாவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது, இன்னும் 6 யார்டு வேண்டும் என்று வைத்துக்கொள். ஆலன் உள்பக்கம், ஸ்லாட் இடத்தில் நிற்கிறார். ஆறேழு யார்டு போய், காவல் காப்பவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் உள்ளே வெட்ட வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் வெளியே திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் இடம் விட்டுப் பின்னால் நின்றால் அப்படியே நின்று பந்துக்காகத் திரும்ப வேண்டும். இதை ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். குவார்ட்டர்பேக் அதே காவலரைப் பார்த்து அதே முடிவுக்கு, அதே நேரத்தில் வர வேண்டும். அவர் பந்தை விடும்போது ஆலன் இன்னும் திரும்பியிருக்க மாட்டார். ஒருவர் உள்ளே என்று நினைத்து இன்னொருவர் வெளியே என்று நினைத்தால் பந்து எதிரணிக் கையில்.

சார்ஜர்ஸின் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் 2020இல் வந்தார். அந்த நான்கு சீசனில் ஆலன் பிடித்தது 380 கேட்ச். ஏறக்குறைய எல்லாமே ஹெர்பர்ட் கையிலிருந்து வந்தவை. பயிற்சியில் வீசியதெல்லாம் தனி. சிகாகோவில் அவருக்குப் பந்து வீசிய கேலப் வில்லியம்ஸ் முதல் வருடப் பையன். அந்த சீசனில் அந்தப் பையனை 68 முறை வீழ்த்தினார்கள். பந்தை விடுவதற்கே நேரமில்லாத இடத்தில் ஆப்ஷன் ரூட் ஓடி என்ன பயன்? நடுவில் நவம்பரில் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளரை மாற்றினார்கள், மாதம் முடிவதற்குள் தலைமைப் பயிற்சியாளரையும் நீக்கினார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு 7 டச்டவுன் அடித்ததை நான் சரிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

---

கணக்குப்பிள்ளை
8 ஆகஸ்ட் 2025

எல்லோரும் பிராஞ்ச் கதையை அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் பாதி ஒப்பீடு பொருந்தவில்லை. ஹெர்பர்ட் இருக்கிறார், சரி. பயிற்சியாளர்? ஆலன் இந்த அணியில் கடைசியாக ஆடியது 2023இல். 2024இல் தலைமைப் பயிற்சியாளராக ஜிம் ஹார்பா வந்தார், தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளராக கிரெக் ரோமன் வந்தார், மேலாளராக ஜோ ஹார்டிஸ் வந்தார். இவர்களில் யாருக்காகவும் ஆலன் ஒரு ஆட்டம் ஆடியதில்லை. இன்னும் சொன்னால், அவரை வெளியே அனுப்பியதே இவர்கள்தான். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மறுத்தார், அனுப்பினார்கள். அவரை அனுப்பியதால் அந்த வருடச் சம்பளக் கணக்கில் 2 கோடியே 31 லட்சம் டாலர் மிச்சமானது. இன்னொரு ரிசீவரான மைக் வில்லியம்ஸை அதே வாரம் விடுவித்தார்கள். அணி சம்பள உச்சவரம்பில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, வேறு வழியும் இல்லை.

மைக் வில்லியம்ஸ் பெயரை இந்த இழையில் இதுவரை யாரும் எடுக்காதது ஆச்சரியம். பழைய அணிக்குத் திரும்பிய ரிசீவர் என்றால் இந்த வருடத்தின் முதல் உதாரணம் அவர்தானே? மார்ச்சில் திரும்பி வந்தார். எல்லோரும் கொண்டாடினோம். ஜூலையில், பயிற்சி முகாம் முழுதாகத் தொடங்கும் முன்பே ஓய்வு அறிவித்துவிட்டார். 30 வயதுதான். அந்தக் காலியிடத்தில்தான் இப்போது ஆலன் வந்திருக்கிறார்.

ரோமனின் ஆட்டம் ஓட்டத்தை நம்பியது. பந்தைக் கையில் கொடுத்து இடித்துக்கொண்டு போகும் வகை. அதில் 33 வயது ஸ்லாட் ரிசீவருக்கு எத்தனை பந்து வரும்?

---

கடலோரன்
8 ஆகஸ்ட் 2025

மைக் வில்லியம்ஸ் பற்றி வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். இன்னும் ஆறவில்லை.

2023 செப்டம்பரில் மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டம் நினைவிருக்கிறதா? ஆலன் 18 கேட்ச், 215 யார்டு. போதாதென்று அவரே பந்து வீசி மைக் வில்லியம்ஸுக்கு 49 யார்டு டச்டவுன் கொடுத்தார். அதே ஆட்டத்தில்தான் வில்லியம்ஸின் முட்டி போனது. அன்றைக்கு ஜெயித்த சந்தோஷத்தில் அந்தக் காயம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு உறைக்கவில்லை. அந்த ஜோடி சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டம் அது.

---

மூன்றாம்டவுன்
8 ஆகஸ்ட் 2025

கணக்குப்பிள்ளை சார், ரோமன் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு பெயரை மறந்துவிட்டீர்கள். அன்குவான் போல்டின். 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோ. தலைமைப் பயிற்சியாளர் இதே ஹார்பா, தாக்குதல் ஆட்டத்தை நடத்தியவர் இதே ரோமன். சீசன் நடுவில் போல்டினுக்கு 33 வயது ஆனது. வேகம் கிடையாது, உடம்பும் கையும் நுணுக்கமும்தான். 85 கேட்ச், 1,179 யார்டு, 7 டச்டவுன்.

அதற்கு முந்தைய வருடம் இதே இருவரிடம் யார் ஆடினார் தெரியுமா? வைக்கிங்தாசன் அண்ணாவின் ராண்டி மாஸ். 35 வயதில், ஒரு வருடம் ஓய்விலிருந்து எழுந்து வந்தார். 28 கேட்ச், 434 யார்டு. குறைவுதான். ஆனால் குறைவாகத்தான் அவரிடம் கேட்டார்கள், அதைக் கொடுத்தார், அணி சூப்பர் பவுல் வரை போனது. மினசோட்டாவில் அவரிடம் 1998ஐத் திருப்பிக் கேட்டார்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

ஆலனிடம் எவ்வளவு கேட்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். முதல் ரிசீவராக இருக்கச் சொன்னால் உடைந்துவிடுவார். அந்த வேலைக்கு லாட் மெக்காங்கி இருக்கிறார்.

---

வைக்கிங்தாசன்
9 ஆகஸ்ட் 2025

2012ஐ நான் யோசிக்கவே இல்லை. நியாயமான பேச்சு. மாஸ் மேல் எனக்கிருந்த கோபத்தில் அந்த வருடம் முழுக்க அவர் ஆட்டத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டேன்.

---

கணக்குப்பிள்ளை
9 ஆகஸ்ட் 2025

மெக்காங்கி என்றதும் ஒன்று. ஆலனைக் கொடுத்துச் சிகாகோவிடம் வாங்கியது 2024 ட்ராஃப்டின் 110ஆவது தேர்வு. அந்த 110ஐயும் தங்கள் 37ஐயும் நியூ இங்கிலாந்திடம் கொடுத்துவிட்டு, 34க்கு ஏறினார்கள், கூடவே 137ஐயும் வாங்கினார்கள். 34இல் எடுத்த ஆள் மெக்காங்கி. ஆலன் போனதால் வந்த பையன். முதல் வருடமே 82 கேட்ச், 1,149 யார்டு. இப்போது இரண்டு பேரும் ஒரே அறையில் உட்காரப் போகிறார்கள். விற்ற மாட்டையும் அதற்கு வாங்கிய கன்றையும் ஒரே கொட்டிலில் கட்டிய மாதிரி.

ஆனாலும் என் கவலை போகவில்லை. இரண்டு பேரும் ஸ்லாட் இடத்தில் சிறந்தவர்கள். டிரே ஹாரிஸ் இந்த வருடம் இரண்டாம் சுற்றில் எடுத்த ரிசீவர் பையன், அவனுக்கு ஆட நேரம் எங்கே? 33 வயதுக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்னாப்பும் (களத்தில் ஆடும் ஒவ்வொரு முறையும்) அந்தப் பையனிடமிருந்து எடுப்பதுதான்.

---

இயன்முறை
9 ஆகஸ்ட் 2025

நான் இயன்முறை மருத்துவம் படித்தவள், ஓட்டக்காரர்களோடு வேலை செய்கிறேன். நீங்கள் எல்லோரும் திறமையைப் பேசுகிறீர்கள், நான் தொடையைப் பேசுகிறேன்.

பின்தொடைத் தசை ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வயது கூடக்கூட அதுவும் கூடும். ஆலன் 2022இல் அந்தக் காயத்தால்தான் பாதிச் சீசனை இழந்தார், 10 ஆட்டம்தான் ஆடினார். 2023இல் குதிகால், கடைசி நான்கு ஆட்டம் போனது. நேராக முழு வேகத்தில் ஓடுபவரைவிட, நின்று நின்று திரும்புபவருக்குப் பின்தொடையில் சுமை சற்றுக் குறைவு என்பது அவருக்குச் சாதகம். ஆனால் அந்த நிறுத்தல்களின் பாரம் குதிகாலுக்கும் முட்டிக்கும் போகிறது.

அவர் ஆகஸ்டில் சேர்ந்ததை நான் நல்லதாகவே பார்க்கிறேன். வசந்தகாலப் பயிற்சியின் அடிகளெல்லாம் உடம்பில் ஏறவில்லை. பயிற்சி நாட்களில் அவரைக் கட்டாயம் உட்கார வைக்க வேண்டும். அவர் உடம்பு ஒருமுறை உயிர்த்தெழுந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2015இல் சிறுநீரகம் கிழிந்தது, 2016 முதல் ஆட்டத்திலேயே முட்டித் தசைநார் அறுந்தது, 2017இல் 102 கேட்ச், 1,393 யார்டு எடுத்து, மீண்டு வந்த சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆனால் அன்றைக்கு வயது 25.

---

புதியவன்
10 ஆகஸ்ட் 2025

இடது டாக்கிள் ரஷான் ஸ்லேட்டருக்குப் பயிற்சியில் முட்டித் தசைநார் அறுந்து சீசன் முழுக்க இல்லை என்கிறார்கள். இது ஆலனைப் பாதிக்குமா?

---

மூன்றாம்டவுன்
10 ஆகஸ்ட் 2025

அணிக்குப் பெரிய இடி. ஹெர்பர்டின் முதுகைக் காப்பவர் அவர்தான். ஆலனுக்கு மட்டும் பார்த்தால், சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன், அவர் தேவை கூடுகிறது. அரண் பலவீனமானால் பந்தைச் சீக்கிரம் விட வேண்டும். சீக்கிரம் விட, இரண்டாவது நொடியில் யாராவது ஒருவர் தனியாக நிற்க வேண்டும். அந்த வேலையை இந்த அணியில் நம்பிக் கொடுக்க இரண்டே பேர்.

போன ஜனவரியில் ஹூஸ்டனிடம் 32-12 என்று தோற்றதை நினைத்துப் பாருங்கள். சீசன் முழுக்க மூன்றே முறை பந்தை எதிரணிக்குக் கொடுத்த ஹெர்பர்ட் அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு முறை கொடுத்தார். மெக்காங்கி 9 கேட்ச், 197 யார்டு. மற்றவர்களிடம் போன பந்தெல்லாம் வீண். குவென்டின் ஜான்ஸ்டன் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அன்றைக்கு இரண்டாவதாக நம்பிக்கையான ஒரு ஜோடிக் கை இருந்திருந்தால் என்று அந்த ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

கடலோரன்
6 செப்டம்பர் 2025

சாவோ பாலோ ஆட்டம் பார்த்தீர்களா எல்லோரும்? யூடியூபில் இலவசமாகவே காட்டினார்கள். இந்தியாவில் சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. ஊரில் இருக்கும் என் தம்பி முதல்முறையாக முழு ஆட்டம் பார்த்தான்.

சார்ஜர்ஸ் 27, கேன்சஸ் சிட்டி 21. ஆலன் 7 கேட்ச், 68 யார்டு, ஒரு டச்டவுன். ஹெர்பர்ட் 318 யார்டு, 3 டச்டவுன். ஜான்ஸ்டன் இரண்டு அடித்தார், அந்தப் பையனுக்காகவும் சந்தோஷம். கடைசியில் மூன்றாவது டவுனில் 14 யார்டு வேண்டியிருந்தபோது ஹெர்பர்ட் தானே 19 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தார்.

எண்ணெல்லாம் இருக்கட்டும். ஆலன் டச்டவுன் பிடித்ததும் ஹெர்பர்டின் முகத்தைப் பார்த்தபோது, இந்த ஒன்றரை வருடத்தில் அவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

---

பச்சைக்கழுகு
6 செப்டம்பர் 2025

இழையை இத்தனை நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாழ்த்துகள். ஆனால் முதல் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், தயவுசெய்து.

நான் பிலடெல்பியா ஈகிள்ஸ் ஆள். 2019இல் டிஷான் ஜாக்சன் எங்களிடம் திரும்பி வந்தார். 2014இல் அவரை விடுவித்தது எங்களுக்கு ஆறாத காயம். திரும்பி வந்த முதல் ஆட்டம், வாஷிங்டனுக்கு எதிராக, நாங்கள் 17-0 என்று பின்தங்கியிருந்தோம். 51 யார்டு ஒன்று, 53 யார்டு ஒன்று, இரண்டு டச்டவுன். மொத்தம் 8 கேட்ச், 154 யார்டு. ஜெயித்தோம். அன்று அரங்கத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் வயிற்றுத் தசைக் காயம். அந்த சீசன் முழுக்க அவர் எடுத்தது 9 கேட்ச். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஒன்றே ஒன்று. அடுத்த வருடம் ஐந்து ஆட்டம். இரண்டு சீசனில் மொத்தம் எட்டே ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பினார்.

எங்களுக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியது. அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஆட்டத்தின் மறுபிறப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

---

இயன்முறை
7 செப்டம்பர் 2025

பச்சைக்கழுகு சொல்வது முற்றிலும் சரி. நானும் டிசம்பரைத்தான் பார்ப்பேன். 17 ஆட்டம் என்பது நீண்ட வழி.

ஜாக்சன் விஷயத்தில் ஒன்று மட்டும். அந்த வகை ஆட்டம் முழுக்க உச்ச வேகத்தில் நிற்கிறது. தசை ஒன்று சொல்படி கேட்காவிட்டால் அவருக்கு மாற்று ஆட்டம் கிடையாது. ஆலன் தொண்ணூறு சதவீத உடம்போடும் தன் வேலையைச் செய்யக்கூடியவர்.

---

கணக்குப்பிள்ளை
16 செப்டம்பர் 2025

லாஸ் வேகாஸில் ரெய்டர்ஸை 20-9 என்று வென்றாயிற்று. ஆலன் 5 கேட்ச், 61 யார்டு, மறுபடியும் ஒரு டச்டவுன். நான் ஆகஸ்டில் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். மெக்காங்கி வெளிப்பக்கமும் நிற்கிறார், ஆலன் உள்ளே நிற்கிறார், இருவருக்கும் இடம் இருக்கிறது. ரோமன் இவ்வளவு வீசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டிரே ஹாரிஸ் பற்றிய கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பையனுக்குப் பந்து வரவே இல்லை.

---

மூன்றாம்டவுன்
22 செப்டம்பர் 2025

நேற்று டென்வருக்கு எதிரான ஆட்டத்தில், நான் ஆகஸ்டில் இழுத்து இழுத்து எழுதியதையெல்லாம் ஒரே பந்தில் காட்டிவிட்டார். சார்ஜர்ஸ் 13-20 என்று பின்னால். மூன்று நிமிடம்கூட மிச்சமில்லை. அரண் பிய்ந்து ஹெர்பர்ட் நாள் முழுக்க அடிவாங்கிக்கொண்டிருந்தார். எண்ட் சோனில் ஆலனுக்கு 20 யார்டு டச்டவுன். சமநிலை. அப்புறம் கேமரன் டிக்கர் கடைசி உதையில் 23-20.

7 கேட்ச், 65 யார்டு. மூன்று ஆட்டம், மூன்று டச்டவுன். யார்டைப் பாருங்கள்: 68, 61, 65. ஒரு நாளும் நூறைத் தொடவில்லை. 2023இன் ஆலன் இவர் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஒரு கேட்சுக்கு பத்து யார்டு, வேண்டிய இடத்தில் பத்து யார்டு. இதைத்தான் அவரிடம் கேட்டார்கள்.

---

வைக்கிங்தாசன்
22 செப்டம்பர் 2025

முழு ஆட்டமும் பார்த்தேன். அவருக்காகத்தான் பார்த்தேன். கத்தினேன், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

---

கடலோரன்
23 செப்டம்பர் 2025

ஒரு கணக்குப் போட்டேன். சார்ஜர்ஸ் வரலாற்றில் அதிக கேட்ச் ஆன்டோனியோ கேட்ஸுடையது, 955. கேட்ஸைப் புகழ்மாளிகையில் சேர்த்தது ஆகஸ்ட் 2ஆம் தேதி. அந்த வாரத்திலேயே ஆலன் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். அப்போது ஆலன் சார்ஜர்ஸுக்காகப் பிடித்திருந்தது 904. இந்த மூன்று ஆட்டத்தையும் சேர்த்தால் 923. இன்னும் 33 பிடித்தால் முந்திவிடுவார். சிகாகோவில் பிடித்ததையும் சேர்த்தால் மொத்தம் 993, ஆயிரத்துக்கு ஏழே ஏழு.

சான் டியேகோ காலத்து ஆட்கள் இந்த அணியில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2015இல் எடுத்த டென்சல் பெரிமன் ஒருவர், அவரும் வேறு ஊர்களுக்குப் போய்த் திரும்பியவர். கேட்ஸ் பிடித்த பந்துகளை நான் மிஷன் வேலி அரங்கத்தின் மேல்தட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அரங்கம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அந்த எண்ணை உடைக்கப் போகிறவர் அதே புல்லில் ஆடி வளர்ந்தவர் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சியில் ஜயண்ட்ஸோடு ஆட்டம். இயன்முறை அக்கா, நீங்கள் சொன்னபடி பயிற்சி அறிக்கையைத் தினமும் பார்க்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.